ஏழாம் வேற்றுமையில் ஒரு பெண்: கருக்குழந்தை பற்றிய ஆச்சரியத் தகவல்களை வாசித்தல்

கருவில் இருக்கும் குழந்தை பற்றிய ஆச்சரியத் தகவல்கள் என்று ஓர் எழுத்து வகை தமிழில் இருக்கிறது. இலக்கிய வரலாறுகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பெண்கள் இதழ்களின் இணைப்புகளிலும், மகப்பேறு வழிகாட்டி நூல்களின் கட்டம் கட்டிய பத்திகளிலும், ஞாயிறு மலர்களிலும், மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளின் சுவரொட்டிகளிலும் அது தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. முதல்முறை கருவுற்ற பெண் ஒருத்தி அந்தப் பத்து மாதங்களில் வேறு எதையும் படிக்காமல் போகலாம், இதைப் படிக்காமல் இருக்க மாட்டாள். அவ்வளவு ஆர்வத்துடன் வாசிக்கப்படும் ஒரு பிரதியை விமர்சனம் கண்டுகொள்ளாமல் விடுவது சரியல்ல.

அந்தப் பட்டியலின் போக்கு நமக்குப் பழக்கமானது. ஆறாவது வாரத்திலேயே குழந்தையின் இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிகிறது. ஐந்தாம் மாதத்துக்குள் குழந்தைக்கு விரல்ரேகை உருவாகிவிடுகிறது. குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது, சிறுநீர் கழிக்கிறது, விக்குகிறது. ஆறாம் மாதம் முதல் தாயின் வயிற்றில் இருந்தபடியே வெளியுலக ஓசைகளைக் கேட்கிறது. தாய் உண்ணும் உணவின் சுவை பனிக்குட நீர் வழியாகக் குழந்தைக்குத் தெரிகிறது. இவை எல்லாம் உண்மைதான். இந்தக் கட்டுரை இவற்றின் உண்மையோடு சண்டை போடவில்லை.

இந்த வாக்கியங்களின் வேற்றுமையை மட்டும் கவனிப்போம். பள்ளியில் படித்த இலக்கணம் போதும். எழுவாய் எப்போதும் குழந்தை. துடிப்பது, விழுங்குவது, கேட்பது, சுவைப்பது எல்லாம் அது. பெண் எங்கே இருக்கிறாள்? "தாயின் வயிற்றில்", "கருப்பைக்குள்", "தாயிடமிருந்து". அவள் ஆறாம் வேற்றுமையில் வயிற்றின் உடைமைக்காரியாக வருகிறாள். அந்த வயிறு ஏழாம் வேற்றுமையில் இடமாக நிற்கிறது. ஐந்தாம் வேற்றுமையில் அவளிடமிருந்து ஊட்டம் நீங்கிக் குழந்தைக்குப் போகிறது. முதல் வேற்றுமையில், ஒரு செயலைச் செய்பவளாக, அவள் வருவது அரிது.

அரிதே தவிர, இல்லாமல் இல்லை. பட்டியலின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். அங்கே தாய் எழுவாயாகிறாள். "தாய் கவலைப்படக் கூடாது." "தாய் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்." "தாய் அதிர்ந்து பேசக் கூடாது." குழந்தையின் வினைகள் எல்லாம் நிகழ்காலத்தில் நடக்கின்றன. பெண்ணின் வினைகள் "வேண்டும்", "கூடாது" என்று முடிகின்றன. குழந்தை செய்கிறது, தாய் செய்ய வேண்டும். வியப்பில் தொடங்கிய பிரதி இப்படித்தான் கட்டளையில் முடிகிறது. இந்த நகர்வு எப்படி நடக்கிறது, அதற்காக எந்தத் தகவல்கள் விடப்படுகின்றன என்பதே இங்கே என் கேள்வி.

பேச்சுத் தமிழ் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அவள் முழுகாமல் இருக்கிறாள்", "வாயும் வயிறுமாக இருக்கிறாள்", "பிள்ளைத்தாச்சி" என்று ஊரில் சொல்லும்போது எழுவாய் அவள்தான். வாய் என்றால் மசக்கை, பசி, ஓங்கரிப்பு, புளிப்புக்கான ஏக்கம். வயிறு என்றால் சுமை. இந்தப் பேச்சு பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று சொல்ல வரவில்லை. அதே ஊர்தான் அவளைக் கிரகணத்தன்று வீட்டுக்குள் பூட்டி வைத்தது, குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ கொடுத்தது. ஆனால் கர்ப்பம் என்பது ஒரு பெண்ணின் நிலை என்பதை அந்த மொழி மறக்கவில்லை. புதிய அறிவியல் தமிழ் அதை மறந்திருக்கிறது.

படம்

குழந்தை தனியே எழுவாயாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1965 ஏப்ரல் 30ஆம் தேதி வெளியான அமெரிக்காவின் லைஃப் இதழின் அட்டையில் பதினெட்டு வாரக் கரு ஒன்றின் வண்ணப் படம் வந்தது. எடுத்தவர் சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் நில்சன். கறுப்புப் பின்புலத்தில், ஒளி ஊடுருவும் பனிக்குடப் பைக்குள், விண்வெளி வீரரைப் போல அந்தக் கரு மிதந்துகொண்டிருந்தது. மனிதர்கள் விண்வெளியில் முதன்முதலாக நடந்த ஆண்டும் அதுதான். அதன் பிறகு உலகம் முழுக்கக் கருவை இப்படித்தான் கற்பனை செய்கிறோம். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் தாமரை இதழுக்குள்ளும் ஒளிவட்டத்துக்குள்ளும் சுருண்டிருக்கும் குழந்தை அந்தப் படத்தின் வழித்தோன்றல்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை கருப்பைக்குள் எடுக்கப்பட்டவை அல்ல. மருத்துவக் காரணங்களுக்காக அறுவை செய்து வெளியே எடுக்கப்பட்ட கருக்களின் படங்கள் அவை. இதழே அதைக் குறிப்பிட்டிருந்தது. பிறப்புக்கு முந்தைய உயிரின் நாடகம் என்று உலகம் கொண்டாடியவற்றில் பல, பிறக்கவே போகாத கருக்கள். அந்தக் கருக்களைச் சுமந்த பெண்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று படம் பார்த்த யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கறுப்புப் பின்புலம் அதைக் கேட்க விடவில்லை. அந்தக் கறுப்பு இருந்த இடத்தில் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும்.

1987இல் அமெரிக்கப் பெண்ணியவாதி ரோசலிண்ட் பெட்செஸ்கி கருவின் படிமங்கள் பற்றிய தம் கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். கருவைத் தன்னந்தனியாக, தாயிடமிருந்து துண்டித்துக் காட்டும் படம், கருக்கலைப்புக்கு எதிரான அரசியலுக்கு வாதங்களைவிட வலுவான கருவியாக இருக்கிறது என்றார். ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பார்பரா டூடன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பழைய காலத்தில் கர்ப்பத்துக்கு முதல் சாட்சி பெண்ணே. வயிற்றுக்குள் முதல் அசைவை உணர்ந்து அவள் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இன்று அவள் உணர்வதற்கு முன்பே திரை சொல்லிவிடுகிறது. உணர்பவள் என்ற இடத்திலிருந்து பார்ப்பவள் என்ற இடத்துக்கு அவள் நகர்த்தப்பட்டிருக்கிறாள்.

ஸ்கேன் கருவியின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் தொழிற்சாலைக் கருவியை மனித உடலுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் அவரோடு சேர்ந்தார். 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அவர்களின் கட்டுரையின் மையம், பெண்களின் வயிற்றில் வளரும் கட்டிகள். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருப்பது அகற்றக்கூடிய சினைப்பை நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அவர் பிழைத்தார். பெண்ணைப் பார்க்கத் தொடங்கிய கருவி, சில ஆண்டுகளில் பெண்ணைத் தாண்டிக் கருவைப் பார்க்கப் பழகிக்கொண்டது.

நம் ஊரில் அது எதைப் பார்த்தது என்பது தெரிந்த கதை. 1986இல் உசிலம்பட்டிப் பகுதிப் பெண்சிசுக் கொலைகள் பற்றிய செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. இன்று ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் அது குற்றம் என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அதே காத்திருப்பு அறையில் தாமரைக்குள் சுருண்ட குழந்தையின் படமும் தொங்குகிறது. கருவைத் தனி உயிராக வியந்து பார்க்கும் கண்ணும், அது ஆணா பெண்ணா என்று தேடும் கண்ணும் ஒரே திரையைத்தான் பார்க்கின்றன. இரண்டிலும் படுத்திருக்கும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை.

பட்டியல்களில் வழக்கமாக விடுபடும் ஓர் ஆச்சரியத்தை இங்கே சேர்க்கலாம். குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது விந்தணுவில் இருக்கும் குரோமோசோம் என்று நமக்குத் தெரியும். 1905இல் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து, விந்தணுக்களில் இரண்டு வகை இருப்பதையும் அவை பாலினத்தோடு தொடர்புடையவை என்பதையும் காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் "பொட்டப்புள்ளையா பெத்துப்போடுறா" என்ற பேச்சு பெண்ணை நோக்கியே வருகிறது. குழந்தை விக்குவதை வியக்கும் பட்டியலில் இந்தத் தகவலுக்கும் ஒரு வரி கிடைத்திருக்கலாம். அந்த ஒரு வரியால் அடி வாங்காமல் தப்பிக்கக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள்.

காது

பட்டியல்களின் செல்லத் தகவல், குழந்தை கேட்கிறது என்பது. இதன் பின்னால் அழகான ஓர் ஆய்வு உண்டு. 1980இல் அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாட்களுக்கு உட்பட்ட சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தன் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் தாயின் குரல் வரும்படி தங்கள் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. 2009இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்று, பிரெஞ்சு மொழிச் சூழலில் பிறந்த சிசுக்களின் அழுகை ஏறுமுகமாகவும், ஜெர்மன் சூழலில் பிறந்தவற்றின் அழுகை இறங்குமுகமாகவும் இருப்பதைப் பதிவுசெய்தது. அந்தந்த மொழியின் பேச்சுப் போக்கு அது.

இதைப் படித்ததும் மனம் நெகிழ்கிறது. நெகிழட்டும். ஆனால் இந்த ஆய்வுகள் சொல்வது என்ன? அந்தப் பெண் பேசினாள் என்பதே. காய்கறிக்காரரிடம் பேரம் பேசினாள், தங்கையோடு சிரித்தாள், மாமியாரோடு மல்லுக்கு நின்றாள், வகுப்பில் பாடம் நடத்தினாள். யாரும் கற்றுக்கொடுக்கச் சொல்லாமல், அவள் தன்பாட்டுக்கு வாழ்ந்த வாழ்க்கையின் ஓசை குழந்தைக்குப் பழகியது. அதற்கு அவள் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பட்டியலில் இதே தகவல் தலைகீழாகிறது. குழந்தை கேட்கிறது, ஆகவே தாய் நல்ல இசை கேட்க வேண்டும், சுலோகம் சொல்ல வேண்டும், கணக்குப் போட வேண்டும், சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கர்ப்ப சம்ஸ்காரம் என்ற பெயரில் இதற்குக் கட்டண வகுப்புகள் நடக்கின்றன. வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளும் ஒலிபெருக்கிகள் விற்கின்றன. மோட்சார்ட்டின் இசை கேட்டால் கருவில் இருக்கும் குழந்தையின் அறிவு வளரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 1993இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையில் போய் நிற்கிறோம். பத்து நிமிடம் இசை கேட்ட மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட வகைப் புதிரில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த வேறுபாடும் மறைந்தது. அந்தச் சோதனையில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கத் திட்டமிட்டார்.

இந்தத் தலைகீழாக்கத்துக்கு நம்மிடம் அமெரிக்க உதவி தேவைப்படவில்லை. அபிமன்யுவின் கதை போதும். சுபத்திரை கருவுற்றிருக்கும்போது சக்கரவியூகத்தை உடைத்து உள்ளே போகும் முறை சொல்லப்படுகிறது. வெளியே வரும் முறையைச் சொல்லும்போது அவள் தூங்கிவிடுகிறாள். ஆகவே அபிமன்யு பாதி மட்டுமே கற்று, போர்க்களத்தில் மடிகிறான். கருவிலேயே கேட்ட குழந்தையின் வியப்பாகவே இந்தக் கதை நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கதைக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நிறைமாதப் பெண் அசந்து தூங்கியது மகனின் சாவுக்குக் காரணமாகிறது. பதினாறு வயதுப் பையனைத் தனியே வியூகத்துக்குள் அனுப்பிய பெரியவர்களைவிட, அவனைச் சூழ்ந்து கொன்ற மகாரதர்களைவிட, அவளுடைய தூக்கம்தான் நம் நினைவில் நிற்கிறது.

பிரகலாதன் கதையில் வேறு விதம். தாய் கயாதுவுக்கு நாரதர் உபதேசிக்கிறார், வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கேட்கிறது. பாகவதத்தில் பிரகலாதனே பின்னால் விளக்கம் தருகிறான்: காலம் நீண்டுபோனதாலும் பெண் என்பதாலும் தாய் அதை மறந்துவிட்டாள், தான் மறக்கவில்லை என்று. ஒருத்தி தூங்கிவிட்டாள், ஒருத்தி மறந்துவிட்டாள். குழந்தையின் காது கூர்மையாக ஆக, தாயின் காது மந்தமாகிறது. இன்றைய பட்டியல்கள் இந்த இரண்டு கதைகளையும் அறிவியலுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகின்றன. அவை எடுத்துக்கொள்வது கதையின் வியப்பை மட்டுமல்ல, அதன் தீர்ப்பையும்தான்.

விடுபட்ட பாதி

பட்டியலில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் விடுபட்ட பாதி ஒன்று உண்டு. அதை எழுதிச் சேர்த்தால் எழுவாய் தானாக மாறுகிறது.

"குழந்தை தாயிடமிருந்து ஊட்டம் பெறுகிறது" என்கிறது பட்டியல். 2024இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு மனிதக் கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 50,000 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் 25 நாள் முழுச் சாப்பாடு. அதில் குழந்தையின் உடலாகச் சேர்வது சுமார் 4 விழுக்காடு. மீதி 96 விழுக்காடும் அந்தக் கர்ப்பத்தைத் தாங்கி நடத்துவதற்கு அவள் உடல் எரிக்கும் ஆற்றல். அவளுடைய ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது. எழுபது கிராம் போல இருந்த கருப்பை ஒரு கிலோ எடைக்கு வளர்கிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் இதயம் கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கிறது. "சும்மாதானே இருக்கே" என்று அவளிடம் சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இந்தத் தகவலைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அந்த 50,000 கலோரியை அவளுக்கு யார் தருகிறார்கள்? ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வீடுகளில் இந்த எண் உருவாகிறது. "தாய் சத்தாகச் சாப்பிட வேண்டும்" என்ற பெட்டிச் செய்தி, சோற்றுப் பானை அவள் கையில் இருந்தும் பங்கு அவள் கையில் இல்லை என்பதை அறியாதது போல நடிக்கிறது.

"நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கிறது" என்பது இன்னொரு வரி. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியைக் கருவின் செல்களே கட்டுகின்றன. அவை கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிச் சென்று தாயின் ரத்தநாளங்களை அகலமாக்குகின்றன. அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் ரத்தச் சர்க்கரையைக் கூட்டுகின்றன. தாயின் உடலோ இன்சுலினைக் கூட்டிச் சுரந்து அதைச் சமன்செய்யப் பார்க்கிறது. தாய்க்கும் கருவுக்கும் நலன்கள் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை என்று 1993இல் உயிரியலாளர் டேவிட் ஹேக் வாதிட்டார். இதைப் போர் என்று எழுதுபவர்களும் உண்டு. அந்த உருவகத்தையும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். விந்தணுவை வீரனாகவும் சினைமுட்டையைக் காத்திருக்கும் இளவரசியாகவும் பாடநூல்கள் எழுதுவதை 1991இல் மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் அம்பலப்படுத்தியபோது, உயிரணுக்களின் மேல் நாம் நம் குடும்பக் கதைகளைத்தான் ஏற்றுகிறோம் என்று காட்டினார். போர் என்பதும் அப்படி ஒரு கதைதான். இருந்தாலும் "தாய்மையின் பேரின்பம்" என்ற கதைக்கு அது மாற்று மருந்தாகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண் தான் இனிப்புத் தின்றதால் வந்த தண்டனை என்று நினைக்க வேண்டியதில்லை.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகு கருப்பையின் தசைகள் இறுகித்தான் அந்த நாளங்களை அடைக்கின்றன. அவை இறுகாவிட்டால் சில நிமிடங்களில் ஓர் உயிர் போகலாம். மகப்பேற்று மரணங்களுக்கு ரத்தப்போக்கு முதன்மையான காரணமாக இருப்பது இதனால்தான். குழந்தை பிறந்த நொடியோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு மிக ஆபத்தான மணித்துளிகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இன்னொரு மௌனம், கலைந்துபோகும் கருக்கள் பற்றியது. கர்ப்பம் என்று உறுதியானவற்றில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறு காரணம். பேருந்தில் போனதோ, பப்பாளி ஒரு துண்டு தின்றதோ, கோபப்பட்டதோ காரணமல்ல. ஆச்சரியத் தகவல்களின் உலகில் எல்லாக் கருவும் வாரா வாரம் வளர்ந்து நாற்பதாவது வாரத்தில் பிறந்துவிடுகிறது. அதைப் படித்துக்கொண்டே வந்து பத்தாவது வாரத்தில் கருவை இழந்த பெண்ணுக்குப் பட்டியலில் எஞ்சியிருப்பது "கூடாது" என்று முடிந்த அந்தப் பெட்டிச் செய்திதான். அவள் அதைத் திரும்ப எடுத்துப் படிப்பாள், தான் எந்த வரியை மீறினோம் என்று தேடுவாள். இந்த எழுத்து வகை செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுவே என்று நினைக்கிறேன்.

யாருடைய ஆச்சரியம்

அப்படியானால் வியப்பையே கைவிட வேண்டுமா? தேவையில்லை. இந்தப் பட்டியல்களைப் படிக்கும் பெண்களைக் கேலி செய்யவும் நமக்கு உரிமை இல்லை. மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு, கேட்க நினைத்த எதையும் கேட்காமல் திரும்பும் பெண்ணிடம், அவள் வயிற்றுக்குள் நடப்பதைப் பற்றி அவள் மொழியில் பேசுகிற ஒரே குரல் இதுவாக இருக்கலாம். அந்தத் தேவை உண்மையானது. அது இதைவிட நல்ல பதிலுக்குத் தகுதியானது.

பெண்ணை எழுவாயாக வைத்தாலும் வியப்பு குறையாது. பெண் கருவின் சினைப்பைகளில் ஐந்தாம் மாதத்திலேயே அறுபது, எழுபது லட்சம் சினைமுட்டைகள் உருவாகியிருக்கின்றன. பிறக்கும்போது அவற்றில் பத்து முதல் இருபது லட்சம் எஞ்சுகின்றன. அப்படியென்றால் இந்த வரியைப் படிக்கும் நீங்கள் உருவான முட்டை, உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருக்கும்போது உருவானது. பாட்டி அப்போது என்ன சாப்பிட்டார், எந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்று நம் குடும்ப வரலாறுகளில் பதிவு இல்லை. தந்தைவழிப் பெயர்களை ஏழு தலைமுறைக்குச் சொல்லத் தெரிந்த வீடுகளில் அந்தப் பாட்டியின் பெயரே பலருக்குத் தெரியாது.

1996இல் டயானா பியாங்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும், மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில் கருவிலிருந்து வந்த ஆண் செல்களைக் கண்டார்கள். இதைப் பட்டியல்கள் "பிள்ளை என்றும் தாயின் உடலில் வாழ்கிறது" என்று பாசக் கதையாக்குகின்றன. அதே செல்கள் கலைந்த கருக்களிலிருந்தும், கலைத்த கருக்களிலிருந்தும் வந்து தங்குகின்றன. அவை காயத்தை ஆற்ற உதவுகின்றனவா, நோய்க்குக் காரணமாகின்றனவா என்று இரு பக்கமும் ஆய்வுகள் நடக்கின்றன. 2016இன் இறுதியில் வெளியான ஸ்பானிய ஆய்வு, முதல் கர்ப்பத்தின்போது பெண்ணின் மூளையில் சாம்பல்நிறப் பொருளின் அளவு சில பகுதிகளில் குறைகிறது, இரண்டு ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்கிறது என்று காட்டியது. அந்தப் பெண்களின் நினைவாற்றலைச் சோதித்தபோது குறை எதுவும் தெரியவில்லை. கயாது மறக்கவில்லை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் கர்ப்பிணியை எழுவாயாக வைத்து எழுதப்படும் ஆவணம் ஒன்று உண்டு: மகப்பேற்று மரணத் தணிக்கை. வலி எப்போது வந்தது, மருத்துவமனைக்குப் போக முடிவெடுத்தது யார், எந்த வண்டியில் போனாள், எவ்வளவு நேரம் ஆயிற்று, ரத்தம் இருந்ததா என்று அதில் கேட்கிறார்கள். முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதங்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர்களும், இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 ஆம்புலன்ஸும் இந்தக் கேள்விகளோடு சேர்ந்து செய்த வேலையால்தான் 2018-20இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் என்ற நிலைக்கு வந்தோம். பெண் என்ன செய்தாள், அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்பது உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் கேட்கப்படும்போது அவள் உயிரோடு இல்லை.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, ஆள் உயரத்தில் மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், இளைப்பாறித் திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நட்டார்கள். இறக்கி வைக்காமலே போன அவளுடைய சுமை அதனால் தீரும் என்று நம்பினார்கள். கர்ப்பம் சுமை என்பதையும், சுமப்பவளுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதையும் அந்தக் கல்லை நட்டவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அங்கேயும் அவள் செத்த பிறகுதான்.

ஆச்சரியத் தகவல்களை எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். அடுத்த பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தப் பெண்ணை முதல் வேற்றுமைக்குக் கொண்டுவந்து பாருங்கள். "குழந்தை வளர்கிறது" என்ற இடத்தில் "அவள் வளர்க்கிறாள்" என்று எழுதுங்கள். அப்போது, அவளுக்கு என்ன வேண்டும், யார் தர வேண்டும் என்று அடுத்த வரி எழுத வேண்டிவரும். "வேண்டும்" என்ற வினை அந்த வரியில் கணவன்மீதும், குடும்பத்தின்மீதும், வேலை கொடுப்பவர்மீதும், அரசின்மீதும் போய் உட்காரும். கடைசிப் பெட்டிச் செய்தியை அவர்களுக்கு எழுதலாம்.